தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மார்க்கு

சாயந்திரம் ஐந்தரை ஆனால் எங்கள் ஆபீசில் எல்லோரும் எழுந்து நிற்போம். பிரார்த்தனைக்கு என்று நினைத்துவிடாதீர்கள். மார்க்கு சொல்ல. இன்றைக்கு நான் எவ்வளவு வேலை பார்த்தேன் என்று எனக்கு நானே பத்துக்கு இத்தனை என்று மார்க்கு போட்டு, அதை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்ல வேண்டும். ஏன் எட்டு, ஏன் நாலு என்று யாரும் கேட்கக் கூடாது. ஒன்பது என்றாலும் சார் ‘குட்’ என்பார், ரெண்டு என்றாலும் அதே ‘குட்’தான்.

சார் ஹைதராபாத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் இருந்துவிட்டு, போதும் என்று திருப்பதிக்கே திரும்பி வந்து, ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இந்த ஆபீசைப் போட்டவர். கீழே நாள் முழுக்கக் கல்யாணச் சீர்ப் பாத்திரங்களில் பெயர் வெட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த மெஷினின் ‘ட்ர்ர்ர்’ சத்தத்தில்தான் நாங்கள் சாஃப்ட்வேர் எழுதுகிறோம். மார்க்கு வழக்கம் சாருக்கு எங்கிருந்து வந்தது என்று தெரியாது. ஏதோ வகுப்புக்குப் போய்விட்டு வந்தார், மறுநாளிலிருந்து நாங்கள் நிற்க ஆரம்பித்தோம்.

எனக்கு மார்க்கு போடுவதில் நான் கொடை வள்ளல். ஏழுக்குக் கீழே இறங்கியதே இல்லை. காய்ச்சலோடு வந்த நாளில்கூட, வந்ததற்கே தரலாம் என்று ஏழு போட்டேன். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மதியம்வரை ஒருத்தரும் என்னைக் கூப்பிடாமல் இருந்தால் ஒன்பது. அந்த நேரத்தில் எழுதியதை மறுநாள் அழிக்கிறேனா என்பது மறுநாள் சமாச்சாரம். அழிப்பதும் வேலைதானே, அதற்கும் ஒரு எட்டு. லேப்டாப் அடியில் சூடு ஏறியிருந்தால் கூடுதலாக ஒரு மார்க்கு. டீ குடிக்க மறந்திருந்தால் இன்னொன்று. நடுவில் எவனாவது வந்து என் தோளைத் தட்டினால் அந்த நாளே பாழ். நான் போய் அடுத்தவன் தோளைத் தட்டினால் அதற்குப் பேர் டீம் ஒர்க். மீட்டிங் இருந்த நாளை நாங்கள் யாருமே நாள் என்று சேர்ப்பதில்லை.

நகரியில் எங்கள் வீட்டில் பவர்லூம் ஓடுகிறது. நைனா, என் அப்பா, தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் பேசுவார். நான் பஸ் இறங்கி வீட்டுக்குள் காலை வைத்ததும் கேள்வி வரும்.

“இன்னிக்கி எத்தினி மீட்டரு ஓட்டுன?”

“எங்க வேலைல மீட்டரு இல்ல நைனா. எட்டு மார்க்கு.”

“யாரு போட்டது?”

“நான்தான்.”

“தோ பாரு! என் தறிக்கு நானே மார்க்கு போட்டுகினா நகரியிலயே நான்தான்டா பெரிய ஆளு.”

தறி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து குறட்டை விடுவாரே, அந்த நேரத்து மீட்டர் யாருடையது என்று கேட்க எனக்கும் நாக்கு துடிக்கும். சாப்பாடு அந்த வீட்டில் என்பதால் கேட்டதில்லை.

நாங்கள் என்ன செய்கிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மாங்காய் சீசன் வந்தால் சித்தூர் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபாக்டரிகளின் வாசலில் டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். முன்பெல்லாம் அந்த வரிசை மெயின் ரோடு வரைக்கும் வந்துவிடும். விவசாயி டிராக்டருக்கு அடியிலேயே படுத்துத் தூங்குவார். மேலே தோத்தாபுரி மாங்காய் வெயிலில் வெந்துகொண்டிருக்கும். அவர் முறை வரும்போது பாதிச் சுமை அழுகியிருக்கும், ஃபாக்டரிக்காரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலையைக் குறைப்பான். எங்கள் சாஃப்ட்வேர் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை வண்டியை எடை போட்டு உள்ளே விட முடியுமோ அத்தனை பேருக்கு மட்டும் டோக்கன் கொடுக்கிறது. விவசாயியின் போனுக்கு நேரம் போகும். அந்த நேரத்துக்கு வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால் போதும். அவ்வளவுதான். உங்கள் ஆபீஸ் என்ன பொருள் தயாரிக்கிறது என்று யாராவது கேட்டால், காலி ரோடு என்று சொல்வேன். என்ன கஷ்டமென்றால், காலி ரோட்டை யாரும் நின்று பார்ப்பதில்லை.

இந்த ஆபீசில் ஒரு பெண். போன வருஷ சீசனில் சேர்ந்தவள், எங்கள் எல்லோரிலும் சின்னவள், புத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வேலையில் இங்கிலீஷ், கோபம் மட்டும் மூன்றிலும் வரும். நானும் அவளும்தான் அங்கே தமிழ்க்காரர்கள் என்பதால் என்னை அண்ணா என்று கூப்பிடுவாள். அதைச் சாக்காக வைத்துக்கொண்டு என்னைச் சகட்டுமேனிக்குக் கிண்டலும் செய்வாள்.

அவள் தனக்குப் போட்டுக்கொள்ளும் மார்க்கு ரெண்டு. சில நாள் மூன்று. ஒரு நாள் அரை. “அரை சார்” என்று அவள் சொன்னபோது சாருக்கே ‘குட்’ வர நேரமாகிவிட்டது.

அவள் கணக்கு ரொம்ப எளிமை. காலையில் வந்ததும் இன்றைக்கு இந்த வேலை என்று ஒன்றை எடுத்து வைப்பாள். சாயந்திரம் அது முடிந்திருந்தால் மார்க்கு, முடியாவிட்டால் இல்லை. அது முடியவே முடியாது. ஏனென்றால் பத்து மணிக்கு எங்களோடு வேலை பார்க்கும் மதனப்பள்ளிக்காரன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டே அவள் பக்கம் போவான். தலையைச் சொறிந்துகொண்டு, “கொஞ்செம் சூடம்மா” என்பான். கொஞ்சம் பாரும்மா என்று அர்த்தம். அந்தக் கொஞ்சம் ஒரு மணி நேரம் போகும். அடுத்தது நான். நான் தமிழில் அதையே கேட்பேன், அதனால் இன்னும் அதிக நேரம் போகும். நடுவில் சித்தூர் ஃபாக்டரி வாசலில் வண்டிகளை எடை போடுகிற எடை மேடைக்காரர் போன் பண்ணுவார். அவர் அவளிடம் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டார். நான் எடுத்தால் “அம்மாயி லேதா?” என்பார். பொண்ணு இல்லையா என்று கேட்கிறார். இல்லை என்றால் வைத்துவிடுவார். எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் அனுபவம் இருக்கிறது என்பதை அவரிடம் சொல்ல ஒரு வாய்ப்புகூட அவர் தந்ததில்லை.

சீசன் நடுவில் ஒரு சனிக்கிழமை மதியம் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் பேசுவது தெலுங்கு, நான் தமிழில் எழுதுகிறேன்.

“அந்தப் பொண்ணுக்கு இந்த மாசத்தோட ஒரு வருஷம் ஆவுது. பர்மனென்ட் பண்ணணும், இல்ல அனுப்பணும். அனுப்பிடலாம்னு இருக்கேன்.”

“ஏன் சார்?”

“அவளே சொல்றாளே வேலை பண்ணலன்னு! வருஷம் பூரா எல்லார் முன்னாடியும் நின்னு சொல்லிக்கினு இருக்கா. நான் ஒரு வார்த்தை சொன்னேனா? அவ வாய், அவ மார்க்கு.”

“இல்ல சார், அவ நல்லா…”

“நீ ஏழுக்குக் கொறஞ்சு சொல்றதில்ல. நீ நல்ல வேலைக்காரன், எனக்குத் தெரியும். எல்லாரும் உன்ன மாதிரி இருக்க மாட்டாங்க.”

என்னை நல்ல வேலைக்காரன் என்று சொன்ன மனுஷரை அதற்கு மேல் எதிர்த்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. “ஒரு வாரம் பாருங்க சார்” என்று மட்டும் சொன்னேன். சரி, வரும் வெள்ளிக்கிழமை சொல்கிறேன் என்றார்.

அன்று சாயந்திர பஸ்ஸில் அவளிடம் சொல்லிவிட்டேன். பஸ் வடமாலபேட்டையைத் தாண்டியது. பிறகு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“சென்னைக்குத்தான் போவணுமாண்ணா?”

“சென்னை, பெங்களூரு… எங்க கெடைக்குதோ.”

“எனக்கு இஷ்டமில்ல. படிச்சவங்க எல்லாம் பொட்டியத் தூக்கிகினு போய்க்கினே இருக்கணும்னு எதுனா சட்டமா? புத்தூர்லந்து போய்ட்டு வர்ற மாதிரி இது ஒண்ணுதாண்ணா இருக்கு.”

“அப்ப நான் சொல்றதக் கேளு. திங்கக்கெழமலந்து ஏழுன்னு சொல்லு.”

“ஏழு எங்கேந்துண்ணா வரும்?”

“வாய்லந்துதான். எனக்கெல்லாம் அங்கேந்துதான் வருது.”

“அது தெரியும். நீங்க எட்டு சொல்றப்பல்லாம் நான் கீழ குனிஞ்சு செருப்பு வாரைச் சரி பண்ணிக்குவேன், பாத்துகீறீங்களா? சிரிப்பு வந்துடும்.”

“சிரி, ஆனா ஏழு சொல்லு.”

“பொய் சொல்ல மாட்டேன். நெஜமாவே எட்டு வாங்கறேன், பாருங்க.”

ஏதோ கோபத்தில் சொல்கிறாள் என்று நினைத்தேன். திங்கட்கிழமை காலை அவள் வந்தபோது கழுத்தில் அவள் தம்பியுடைய சிவப்பு ஹெட்போன். உட்கார்ந்தாள், மாட்டினாள், அவ்வளவுதான்.

அவள் எடுத்து வைத்திருந்த வேலை மாதக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்தது. டோக்கன் நேரம் மெசேஜில் போகிறதல்லவா, படிக்கத் தெரியாதவர் என்ன செய்வார்? அவருக்கு போன் போய், தெலுங்கிலோ தமிழிலோ நேரத்தைச் சொல்ல வேண்டும். அதுதான் அந்த வேலை.

பத்து மணிக்கு மதனப்பள்ளிக்காரன் நாற்காலியில் உருண்டு போனான். “கொஞ்செம் சூடம்மா.” அவள் திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொன்னான். திரையைப் பார்த்தபடி இருந்தாள். போன வேகத்தில் அப்படியே உருண்டு திரும்பி வந்து, “கேக்கலயா, கேக்காத மாதிரியா?” என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டான். பதினோரு மணிக்கு நான் போய் அவள் மேஜைக்குப் பக்கத்தில் இருமினேன். கொஞ்ச நேரம் நின்று, தண்ணீர் குடிக்க வந்தவன் மாதிரி திரும்பிவிட்டேன். மதியம் எடை மேடைக்காரர் போன் செய்தார், வைத்தார், மறுபடி செய்தார், மறுபடி வைத்தார்.

சாயந்திரம் அவள் எழுந்து நின்று, “எட்டு சார்” என்றாள். அது நிஜமான எட்டு என்பது குரலிலேயே தெரிந்தது. சார் சொன்ன ‘குட்’டில் வழக்கத்தை விடக் காற்று அதிகம். என் முறை வந்தது. எட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அன்று முழுக்க நான் ஒரே ஒரு தப்பை, அவள் ஒரு பார்வையில் காட்டிவிடக்கூடிய தப்பை, தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். “ஆறு” என்றேன். சரித்திரத்தில் முதல் முறை. மதனப்பள்ளிக்காரன் “நாலு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டான்.

செவ்வாய், புதன், வியாழன், எல்லாம் அப்படியே. அவள் எட்டு, ஒன்பது என்று ஏறிக்கொண்டிருந்தாள். நாங்கள் ஐந்து, மூன்று என்று இறங்கிக்கொண்டிருந்தோம். சாருக்குக் குழப்பம். ஒருத்தி தேறிவிட்டாள் என்று சந்தோஷப்படப் பார்த்தால், மற்ற எல்லோருக்கும் ஒரே வாரத்தில் மூளை வற்றிவிட்ட மாதிரி இருக்கிறது. “சீசன் ஜுரமா?” என்று கேட்டார். ஆமாம் சார் என்றோம்.

இப்படி ஒரு வாரத்தில்தான் மதனப்பள்ளிக்காரன் அந்தக் காரியத்தைச் செய்தான். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை டோக்கன்தான் என்று ஒரு வரம்பு இருக்கும், சொன்னேன் அல்லவா? ஏதோ ஒன்றைச் சோதித்துப் பார்க்கும்போது அந்த வரம்பு அவனைத் தடுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. தொல்லை விட்டது என்று அதில் பெரிய எண் ஒன்றைப் போட்டுச் சோதித்தான். சோதித்து முடித்துவிட்டு, அந்த எண்ணை மாற்ற மறந்து, அப்படியே சித்தூருக்கு அனுப்பிவிட்டான். எங்கள் தொழிலில் இருக்கிற யாரைக் கேட்டாலும் இந்தத் தப்பைச் சொன்னவுடன் ஒரு தடவை கண்ணை மூடித் திறப்பார்கள். எல்லோரும் செய்ததுதான். ஆனால் வழக்கமாக அனுப்புவதற்கு முன் அவன் அவளிடம் உருண்டு போவான், அவள் பார்ப்பாள், “இது என்ன, கோயில் உற்சவமா, இத்தினி வண்டி?” என்று கேட்பாள். இந்த முறை என்னிடம் உருண்டு வந்தான். நான் என் மார்க்கை எப்படியாவது ஏழுக்கு ஏற்றிவிடத் துடித்துக்கொண்டிருந்த நேரம். முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு, சூப்பர் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சித்தூரில் இருக்கிற டிராக்டர் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்துக்கு டோக்கன் போயிருந்தது.

நான் ஆபீஸ் படி ஏறும்போதே எல்லா போன்களும் அடித்துக்கொண்டிருந்தன. ஃபாக்டரி கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை வண்டி, ரோட்டில் பஸ் நகரவில்லை, டிரைவர்களுக்குள் கைகலப்பு ஆகிற நிலை. சார் ஃபாக்டரி முதலாளியிடம் “சார், சார்” என்று சொல்லிக்கொண்டே அறைக்குள் சுற்றி வந்தார். ஒரு சார் இன்னொருவரைச் சார் என்று சொல்வதை அன்றுதான் கேட்டேன். மதனப்பள்ளிக்காரன் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. எந்த வரியில் கை வைத்தோம் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

அவள் சிவப்பு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. பக்கத்து மேஜை போனில் விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் குறுக்கும் நெடுக்கும் ஓடுவது திரையில் நிழலாக விழுந்திருக்கும். அவள் வேலை மதியத்துக்குள் முடிந்துவிடும் நிலையில் இருந்தது. முடிந்தால் அன்று பத்து. சார் முடிவைச் சொல்லப் போகிற வெள்ளிக்கிழமையும் அதுவே. இது ஒன்றும் அவள் செய்த தப்பு இல்லை. அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். என் மொத்த சர்வீசிலும் வாயை மூடிக்கொண்டு இருந்ததற்காக நான் பெருமைப்படுகிற ஒரே இடம் அதுதான்.

போன் நின்றது. மறுபடி அடித்தது. அவள் ஒரு தடவை தன் திரையைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி என் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

“புடிங்கண்ணா. கண்ணாடி மாதிரி பாத்துக்கோங்க, தம்பி கொன்னுடுவான்.”

போனை எடுத்தாள். அந்தப் பக்கம் எடை மேடைக்காரர், “அம்மாயி!” என்று கத்தியது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தொலைந்துபோன மாடு வீட்டுக்கு வந்த சந்தோஷம்.

அவள் அவரைக் கேட்டை விட்டு வெளியே வரச் சொன்னாள். போனோடு வரிசையில் நடக்கச் சொன்னாள். ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி, எந்த ஊர், காய் எப்போது பறித்தது என்று கேட்டாள். நேற்றே பறித்தவர்கள் முதலில் உள்ளே. இன்று காலை பறித்தவர்கள், அதிலும் பக்கத்து ஊர்க்காரர்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு மூன்று மணிக்குமேல். ஒருத்தரை “நீங்க பாதிச் சொமதான ஏத்துவீங்க, ஓரமா வாங்க, உள்ள எடம் இருக்கு” என்று ஆள் முகம் பார்க்காமலே நகர்த்தினாள். ஒரு வருஷமாக போனில் அவர்கள் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள்தான். நான் அவர்களை வரிசை எண்ணாகத்தான் அறிவேன். இடையில் மதனப்பள்ளிக்காரன் பக்கம் கையை நீட்டி, “அந்த வரம்பு எங்கீதுன்னு பாரு, நாலாவது ஃபைல்ல இருக்கும்” என்று தெலுங்கில் சொன்னாள். இருந்தது. “மாத்து. நான் பாக்காம அனுப்பாத.” அவன் தலையாட்டியதைப் பார்த்தால் கல்யாணத்துக்குச் சம்மதித்தவன் மாதிரி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ரெண்டாவது போனை என்னிடம் நீட்டினாள்.

“விஜயபுரத்து ஆளுங்கண்ணா. தமிழ்ல திட்டறாங்க. நீங்க வாங்கிக்கோங்க.”

வாங்கிக்கொண்டேன்.

“யார்ரா நீ?”

“டோக்கன் ஆபீசுலந்து பேசறேண்ணா.”

“நீதான் அந்தக் கம்ப்யூட்டரா?”

“கம்ப்யூட்டர் இல்லண்ணா, கம்ப்யூட்டர் ஆளு.”

“அந்தக் கம்ப்யூட்டர இங்க இட்டுகினு வா. என் டிராக்டரு முன்னாடி படுக்க வையி. ஏத்திட்டுத்தான் வூட்டுக்குப் போவேன்.”

“ஏத்துங்கண்ணா, நானே கொண்டாறேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க, காலைல எதுனா துன்னீங்களா?”

அந்தப் பக்கம் குரல் இறங்கியது. “இன்னும் இல்ல.”

“ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஓட்டல் இருக்குதாம். துன்னுட்டு, வண்டிய அந்தப் புளியமரத்து நெழல்ல போட்டுகினு ஒரு தூக்கம் போடுங்க. நாலு மணிக்கு நானே போன் பண்ணி எழுப்பறேன்.”

“எழுப்பலன்னா?”

“திருப்பதிக்கே டிராக்டர ஓட்டிகினு வாங்க. பாத்திரக் கடை மாடி.”

சிரித்துவிட்டார். இப்படியே விஜயபுரத்துக்காரர்கள் ஒவ்வொருவரிடமும் திட்டு வாங்கி, சாப்பிட அனுப்பி, மரத்தடியில் படுக்க வைத்தேன். ஒரு வரிகூட நான் எழுதவில்லை. என் லேப்டாப் சில்லென்று இருந்தது. மூன்று மணி வாக்கில் எடை மேடைக்காரர் ரோட்டைப் படம் பிடித்து அனுப்பினார். ரோட்டில் ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது. அந்தப் படத்தை நாங்கள் தலைகளை ஒட்டிக்கொண்டு பார்த்தோம். அப்படி ஒரு அழகான நாயை நான் பார்த்ததில்லை. நாலு மணிக்கு விஜயபுரத்துக்காரரை எழுப்பினேன். “எழுப்பிட்டியே!” என்று அதற்கும் திட்டினார்.

ஐந்தரைக்கு எழுந்து நின்றோம்.

மதனப்பள்ளிக்காரன் விரல் விட்டு எண்ணினான். “சார், எவ்ளோன்னு சொல்றது? காலைல கெடுத்ததுக்கு ஒண்ணு. மத்தியானம் சரி பண்ணதுக்கு ஆறு. ஆனா எங்க இருக்குதுன்னு காட்னது அவ. அப்ப அந்த ஆறுல எனக்கு எவ்ளோ?”

சார் ‘குட்’ சொல்லவில்லை. என்னைப் பார்த்தார்.

“ஒம்போது” என்றேன். “இது மட்டும் நெஜமான ஒம்போது சார். ஒரு வரி எழுதல. நின்னுகினே திட்டு வாங்கினேன்.”

அவள் முறை. “ரெண்டு சார்.”

கீழே பாத்திரத்தில் யாருடைய பெயரோ ஏறிக்கொண்டிருந்தது. சார் தான் வைத்த சட்டத்தைத் தானே உடைத்து, முதல் முறையாக, “ஏன்?” என்று கேட்டார்.

“எடுத்த வேலை முடியல சார். இன்னிக்கி முடிஞ்சிருக்கும்.”

“காலைலந்து பண்ணியே, அது?”

“அது வேலை இல்ல சார். அவங்க கூப்ட்டாங்க, பேசினேன்.”

இந்த இடத்தில் நான் பேச வேண்டும் என்று பஸ்ஸிலேயே ஒரு தெலுங்குப் பேச்சு தயார் செய்துவைத்திருந்தேன். அதில் ஒரு வார்த்தையும் ஞாபகம் வரவில்லை. “சார், இந்த வாரம் இவ எட்டு, ஒம்போது. நாங்க எவ்ளோ?” என்று கேட்டேன். எல்லோருக்கும் தெரியும். “போன வாரம் வரைக்கும் இவ ரெண்டு. நாங்க எவ்ளோ? நான் எட்டு சொன்ன ஒவ்வொரு நாளும் இவ பக்கத்துல போய் நின்னிருக்கேன் சார். என் எட்டு எங்கேந்து வந்துச்சுன்னு இந்த வாரம்தான் தெரிஞ்சுது.”

மதனப்பள்ளிக்காரன் தலையை ஆட்டினான். “நாதி கூடா” என்றான், என்னுடையதும்தான் என்று.

இதற்கு அவள் என்னைக் கும்பிடுவாள் என்று எதிர்பார்த்தேன். கோபம்தான் வந்தது. “என் ரெண்ட யாரும் மாத்த வேணாம்ணா. நான் கூட்டிக் கழிச்சுத்தான் போட்டேன். யாரும் பாவம் பாத்துத் தர வேணாம்.”

“மாத்தல” என்றார் சார். “உன் ரெண்டு சரிதான். உன் வேலைன்னு நான் எதை எழுதிக் குடுத்தேனோ, அதுதான் தப்பு. அந்த ஃபாக்டரிங்களப் பாத்துக்கறது, இவனுங்க அனுப்பறதுக்கு முன்னாடி பாக்கறது, இது உன் வேலை. இத்தன நாளா பேர் வைக்காம வாங்கிக்கினு இருந்தேன். திங்கக்கெழமலந்து பேர் வைக்கறேன். பர்மனென்ட்.”

அவள் சிரிக்கவில்லை. அவளுடைய முதல் கேள்வி: “அப்ப அந்தப் போன் பேசற வேலைய யாரு முடிக்கறது சார்? படிக்கத் தெரியாதவங்க காத்துக்கினு இருக்காங்களே.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒன்பது போட்டவன் நான்தானே.

பஸ்ஸில் புத்தூர் நெருங்கும்போதுதான் அவளுக்கு அது உறைத்தது போலிருக்கிறது. திடீரென்று வீட்டுக்கு போன் போட்டு, “அம்மா, நான் எங்கயும் போவல” என்றாள். அந்தப் பக்கம் எங்கே போகிறதாக இருந்தாய் என்று கேட்டிருப்பார்கள். “ஒண்ணுமில்ல, சும்மா” என்று வைத்துவிட்டாள். வீட்டில் அந்த வாரம் முழுக்கச் சொல்லவே இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. இறங்கும்போது என் கழுத்தைக் காட்டினாள். தம்பியின் ஹெட்போனைக் காலையிலிருந்து நான் மாலை மாதிரி போட்டுக்கொண்டே திரிந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை மார்க்கு சொல்ல அரை மணி நேரம் ஆகிவிட்டது. இது என்னுடையதா உன்னுடையதா என்று எல்லோரும் கூடிச் சண்டை, அதுவும் எனக்கு வேண்டாம், நீயே வைத்துக்கொள் என்கிற சண்டை. நேரம் வீணாகிறது என்று சார் அந்த வழக்கத்தையே நிறுத்திவிட்டார்.

அவள் விட்ட இடத்திலிருந்து அந்த வேலையைத் திறந்தேன். எழுதியிருந்த சுத்தத்தைப் பார்த்தபோது, என் பழைய ஒன்பதுகளில் சிலவற்றை யாருக்கும் தெரியாமல் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று தோன்றியது. நடுவில் ஒரு இடம் புரியவில்லை. எழுந்து அவள் மேஜைக்குப் போனேன். சித்தூரோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கினாள், இருங்கண்ணா என்று. மேஜை மேல் புதிதாக ஒரு பெயர்ப் பலகை, சார் கீழேயிருந்து ஒரு பித்தளைத் தட்டிலேயே வெட்டிக்கொண்டு வந்திருந்தார். எனக்கு முன்னால் மதனப்பள்ளிக்காரன் நாற்காலியோடு காத்திருந்தான். நான் அவனுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து எத்தனையோ பேர் மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறேன், நேரம் போகிறதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு. அன்று பல்லைக் கடிக்கவில்லை. கூட வேலை செய்கிற ஒருத்தியிடம் என் முறைக்காகக் காத்து நிற்பதில் இவ்வளவு பெருமை இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

“ஏமய்யா, தள்ளாத” என்றான் மதனப்பள்ளிக்காரன். “டோக்கன் எடுத்தியா?”